மூட்டு வலிக்காரர்களும் போகிற மாதிரி நடை: போனவர்கள் கதையைச் சொல்லுங்கள்

பெரம்பூர்க்காரன்:

எனக்கு வயது 54. சர்க்கரை எட்டிப் பார்த்துவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார், நானும் ஆறு மாதமாகப் பக்கத்துப் பூங்காவில் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். ஆபீசில் சின்னப் பையன்கள் ட்ரெக்கிங் போய்விட்டு வந்து, கயிற்றைப் பிடித்துப் பாறையில் தொங்குகிற போட்டோவைக் காட்டுவார்கள். அதெல்லாம் நமக்கு ஆகாது. மாம்பலம் ஸ்டேஷன் படியைப் பார்த்தாலே என் இடது முழங்கால் முனகும். ஆனால் ஒரு குன்று, ஒரு ஆறு, நாலு வயல், நடுவில் ஒரு டீக்கடை, இப்படி ஒரு நாள் மெதுவாக நடந்து பார்க்கலாமே என்று ஆசை மட்டும் இருந்தது.

பொங்கல் முடிந்த அடுத்த வாரம் பீச்சிலிருந்து கிளம்பும் திருமால்பூர் வண்டியில் ஏறினேன். செங்கல்பட்டுக்கு முன்னால் கொளவாய் ஏரி ஜன்னலுக்கு வெளியே கூடவே வரும், கொடுத்த டிக்கெட் காசு அங்கேயே சரியாகிவிட்டது. செங்கல்பட்டு தாண்டி அரக்கோணம் பாதையில் திரும்பியதும் பெட்டி காலி. பழையசீவரத்தில் என்னோடு இறங்கியவர் பால் கேன் வைத்திருந்த ஒருவர்தான்.

அங்கே மலை என்று சொன்னால் மலை கோபித்துக்கொள்ளும், குன்றுதான். அதை ஒட்டி லட்சுமி நரசிம்மர் கோயில். கொஞ்சம் ஏறி நின்றால் பாலாறு பாய் விரித்த மாதிரி மணலாகக் கிடக்கிறது. ஒரு ஓரத்தில் மட்டும் ஓடை அளவுக்குத் தண்ணீர். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருகிற இடம் இது, அதனால்தான் எதிர்க்கரை ஊருக்குத் திருமுக்கூடல் என்று பேர். ஆற்றைத் தாண்டும்போது ஆடு மேய்க்கிற ஒரு தாத்தாவிடம் மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டேன் என்றால், "தண்ணியே இல்லையே" என்று சும்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரு இல்லன்னது? வா தம்பி" என்று மணலுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கையாலேயே பள்ளம் பறித்தார். முழங்கை ஆழம்கூட இருக்காது, அடியில் மணல் கறுத்து, ஈரம் கசிந்து, கொஞ்ச நேரத்தில் கலங்கலாக ஊறிவிட்டது. தெளியும் வரை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். அந்த அரை மணி நேரத்தில் அவர் பேரன், 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் போன வெள்ளம், மணல் அள்ளின லாரிகள், இருட்டினால் ஆடு தேட டார்ச் இல்லாதது என்று எல்லாம் பேசி முடித்துவிட்டோம். தண்ணீர் தெளிந்ததும் குடிக்கச் சொன்னார். டாக்டர் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும், குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை.

திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டு. 15 படுக்கை போட்ட ஆதுலர் சாலை, அதாவது அந்தக் காலத்து ஆஸ்பத்திரி, அங்கே நடந்திருக்கிறது. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை பறித்துவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், யார் யாருக்கு எவ்வளவு நெல் கூலி என்பது வரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். போன மாதம் நான் போன ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பில்லில் எதற்கு எவ்வளவு என்று கேட்டு நான் பட்ட பாடு தனிக்கதை.

ஒரு தப்பு பண்ணினேன். திரும்புகிற வண்டி நேரத்தைப் பார்க்கவே இல்லை. அந்தப் பாதையில் வண்டி குறைவு. மதிய வெயிலில் மெயின் ரோடு வரை வந்து செங்கல்பட்டு பஸ்ஸில் தொத்திக்கொண்டு வீடு சேர்ந்தேன். அன்று ராத்திரி முழங்கால் வலிக்கத்தான் செய்தது, ஆனால் பூங்கா வலி மாதிரி இல்லை. நீங்கள் போன இடத்தைச் சொல்லுங்கள். ஏறுகிற கதை வேண்டாம், நடந்த கதை.

ஆவடி வாத்தியார்:

குடியம் குகைக்குப் போய்ப் பாருங்கள் சார். பூண்டிக்குப் பக்கம், சென்னையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் ட்ரெக்கிங் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இறந்த பிறகு காட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது, நுழையவும் கூடாது. இப்போது வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் பதிந்துகொண்டால் கூடவே வழிகாட்டி வருவார். 2024 அக்டோபரில் தொடங்கிய திட்டம், மொத்தம் 40 பாதை, அதில் குடியம் எளிய வகை. கோடையில் தீ பயத்துக்காக மூடிவிடுவார்கள், அதனால் மழை விட்டதும் போவதுதான் சரி.

பாதை முழுக்க உருண்டை உருண்டையான கல். கோழி முட்டை அளவு, தேங்காய் அளவு. நான் ஏதோ ஆற்றுப் படுகையில் நடக்கிறோம் என்று நினைத்தேன். எங்களோடு வந்த வழிகாட்டித் தம்பி ஒரு பாறைச் சுவரைக் காட்டினார், அந்தக் கற்கள்தான் புட்டில் தேங்காய்ப்பூ மாதிரி சுவருக்குள்ளேயே பொதிந்து கிடந்தன. "மலையே ஆத்துக் கல்லுதான் சார், தண்ணி உருட்டிக் கொண்டாந்தது" என்றார். இருபது வருஷம் வகுப்பில் பாறை வகைகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் முதலில் பல்லாவரத்திலும், அதே வருஷம் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்துக் கருவிகள் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011இல் ஆய்வு வந்தது. கருவி செய்ய நல்ல உருண்டைக் கல் காலடியில், குடிக்க ஆறு, மழைக்கு ஒதுங்கக் குகை. அந்த ஆதி மனிதர்கள் ஏன் வேறு இடம் தேடவில்லை என்பது அங்கே நடந்தால்தான் விளங்குகிறது. என் பையன் ஒரு கல்லைப் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டான், வழிகாட்டித் தம்பி ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

குகை கிட்டே வந்ததும் அவர் எல்லோரையும் நிறுத்தி முகர்ந்து பார்த்தார், சத்தியமாக. என் மச்சான் மேல் சென்ட் வாசனை. மேலே பாறையில் தேன்கூடுகள் தொங்குகின்றன, சென்ட் வாசனைக்குத் தேனீ கிளம்பிவிடும். "நீங்க இங்கயே இருங்கண்ணே" என்று அவரை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டார். அறுபது கிலோமீட்டர் வந்து குகைக்கு வெளியே ஒரு மணி நேரம் உட்கார்ந்த மச்சான் இன்னமும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

மடிப்பாக்கம் அக்கா:

நான் சொல்லப்போவது கொஞ்சம் தூரம். பெண் இங்கிலாந்தில் இருக்கிறாள், யார்க்‌ஷயர் பக்கம். போன மே மாதம் போயிருந்தேன். "அம்மா, ஈசி வாக்" என்று பர்ன்சால் என்ற ஊரிலிருந்து கிராசிங்டன் வரை வார்ஃப் ஆற்றங்கரையோடு கூட்டிப் போனாள். ஐந்து கிலோமீட்டர் சுமார். ஆறு ஒரு பக்கம், பச்சையாக அலை அலையாய் மேடு பள்ளம் இன்னொரு பக்கம், எங்கே பார்த்தாலும் செம்மறி ஆடு. நடுவில் ஹெப்டன் என்ற இடத்தில் ஒரு தொங்கு பாலம், கால் வைத்தால் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. கந்த சஷ்டி கவசம் பாதி அங்கேயே முடிந்தது.

அந்த ஊர் விசேஷம் என்னவென்றால், பாதை அடுத்தவர் நிலத்துக்குள்ளேயே போகிறது. யாரோ ஒருவர் மாட்டுக் கொல்லை, ஆனால் பொதுப் பாதை என்று வரைபடத்தில் இருந்தால் யாரும் நடக்கலாம், நிலத்துக்காரர் மறிக்க முடியாது, சட்டம். மஞ்சள் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறார்கள். வயலுக்கு வயல் கற்சுவர், சுண்ணாம்பு, மண் எதுவும் இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டினது. மாடு ஆடு தாண்டாமல் மனுஷர் மட்டும் நுழைய அதில் ஒரு சின்ன இடுக்கு விட்டிருக்கிறார்கள். அந்த இடுக்கை அளவெடுத்தவர் என்னை மாதிரி பெண்மணியைப் பார்த்ததே இல்லை போல. மாட்டிக்கொண்டேன். பெண் முன்னாலிருந்து இழுக்கிறாள், சிரிப்பு வேறு, இந்தப் பக்கம் பத்து மாடு வரிசையாக வந்து நின்று வேடிக்கை பார்க்கிறது.

அப்போதுதான் நிலத்துக்காரர் வண்டியில் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் இறங்கி, பையை முதலில் கழற்றுங்கள் என்றார். அவ்வளவுதான் விஷயம், தோள்பையில் தயிர்சாத டப்பா! அப்புறம் மாடுகளைப் பற்றிச் சொன்னார்: ஓடாதீர்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் போகாதீர்கள், சுற்றிப் போங்கள். எங்கள் ஊர் உத்திரமேரூர் பக்கம், எங்கள் பாட்டியும் இதையேதான் சொல்வாள் என்று பெண்ணை விட்டு இங்கிலீஷில் சொல்லச் சொன்னேன்.

நம் ஊர் வரப்பில் நடந்தாலும் யாரும் தடுப்பதில்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் நாலு பேராவது "யார் வீட்டுக்குப் போறீங்க?" என்று கேட்பார்கள். யார் வீட்டுக்கும் இல்லை, சும்மா நடக்கிறேன் என்றால் நம்ப மாட்டார்கள்.

நங்கநல்லூர்:

அக்கா யார்க்‌ஷயர் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. 1802இல் பரங்கிமலைப் பக்கம் 100 அடி எஃகுச் சங்கிலி போட்டு, மற்ற அளவுக்கெல்லாம் ஆதாரமான ஏழரை மைல் நேர்கோட்டை அளந்து, இந்தியாவையே அளக்கிற வேலையைத் தொடங்கினாரே வில்லியம் லாம்டன், அவர் யார்க்‌ஷயரில் பிறந்தவர்தான். நான் தினமும் சாயங்காலம் அந்த மலையில்தான் ஏறி இறங்குகிறேன். 300 அடிதான் இருக்கும். மேலே போய் விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். என் நடைக் கதை அவ்வளவுதான்.

தாம்பரம் பொண்ணு:

என் கதையில் கொஞ்சம் கோபமும் உண்டு. ஒரு நடைக் குழுவில் "மிக எளிது, பள்ளத்தாக்கு நடை" என்று பணம் வாங்கிக்கொண்டு ஆந்திர எல்லைப் பக்கம் கூட்டிப் போனார்கள். போனால் கழுத்தளவு குட்டை. எனக்கு நீச்சல் தெரியாது என்றால், "டியூப் இருக்குங்க" என்கிறார்கள். நான் பாறையில் உட்கார்ந்து நாலு மணி நேரம் துணி மூட்டைகளுக்குக் காவல். எளிது என்றால் யாருக்கு எளிது என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகு தனியாகத்தான் போகிறேன். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வல்லம் என்று சின்ன ஊர், குன்றில் பல்லவர் குடைந்த குகைக் கோயில்கள். ஏற ஐந்து நிமிஷம் ஆகாது. போன டிசம்பரில் போனபோது கீழே நூறு நாள் வேலை பார்த்துவிட்டு அக்காக்கள் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இன்னாம்மா, தனியாவா வந்த? யாராச்சும் திட்டினாங்களா?" என்று கேட்டார்கள். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டார்கள். இல்லை, நடக்க வந்தேன் என்று எவ்வளவோ சொன்னேன். கூழும் மோர் மிளகாயும் கொடுத்து, ஒரு அக்கா கூடவே மேலே வந்து, பாறையில் உடைந்து கிடந்த பாட்டில் கண்ணாடியைக் காலால் ஒதுக்கிக்கொண்டே வழி காட்டினார். இறங்கும்போது பஸ் ஏற்றிவிட்டு, "நேரா வீட்டுக்குப் போ, அம்மா பாவம்" என்றார். அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன், அவள் சிரிக்கவே இல்லை, "சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றாள்.

பெரம்பூர்க்காரன்:

வாத்தியார் சார், குடியத்துக்கு நான் வருகிறேன், உங்கள் மச்சானையும் அழையுங்கள், வேண்டுமானால் நானும் வெளியே உட்காருகிறேன். மடிப்பாக்கம் அக்கா, அந்த இடுக்கு மேட்டருக்கு என் மனைவி பத்து நிமிஷம் சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு மறுபடி பழையசீவரம்தான். இந்தத் தடவை திரும்பும் வண்டி நேரத்தை எழுதி வைத்துவிட்டேன். ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணீர், தொப்பி, சாப்பாடு கட்டாயம், எதிர்க்கரையில் டீக்கு மேல் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். பத்தரைக்குள் ஆற்று மணலைத் தாண்டிவிட வேண்டும், அதற்கு மேல் கால் வைக்க முடியாது. தாத்தாவுக்கு ஒரு டார்ச் வாங்கி வைத்திருக்கிறேன். சார்ஜ் போடுகிறதா, செல் போடுகிறதா என்று கடையில் கேட்டபோதுதான் அவர் வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. செல் போடுகிறதையே வாங்கினேன்.