புல்வெட்டும் மெஷினில் வலது பின்சக்கரம் மட்டும் இழுக்கவில்லை, கியர் பாக்ஸ் மாற்றத்தான் வேண்டுமா?

ஆற்றங்கரை மைதானம்

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், தாமிரபரணிக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் மைதானமும் தோட்டமும் என் பொறுப்பு. எங்களிடம் இருப்பது பெட்ரோலில் ஓடும் 21 அங்குல லான் மூவர். கைப்பிடியில் உள்ள லீவரைப் பிடித்தால் பின்சக்கரம் இரண்டும் தானே இழுத்துப் போகிற ரகம். 2019இல் வாங்கியது.

2023 டிசம்பர் 17, 18 தேதி வெள்ளத்தில் எங்கள் ஷெட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு மெஷின் மேலே ஒரு விரல்கடை வண்டல். என்ஜின் வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஆயில் மாற்றி, கார்புரேட்டர், டேங்க் எல்லாம் கழுவினோம். ஓடியது. சக்கரத்துப் பக்கம் யாரும் கை வைக்கவில்லை, எனக்கும் அது தோன்றவில்லை.

இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு புல் மளமளவென்று வளர்ந்திருக்கிறது. இப்போதுதான் கோளாறு. லீவரைப் பிடித்தால் இடது சக்கரம் இழுக்கிறது, வலது சக்கரம் சும்மா உருளுகிறது. அதனால் மெஷின் வலது பக்கமே வெட்டி வெட்டித் திரும்புகிறது. மேடான இடத்தில் வலது சக்கரத்துக்குள்ளிருந்து டக் டக் என்று சத்தம். கடையில் காட்டினோம். பெல்ட் போய்விட்டது என்றார்கள், 850 ரூபாய்க்கு மாற்றினோம். ஒரு மாற்றமும் இல்லை. இப்போது கியர் பாக்ஸ் மொத்தமாக மாற்ற வேண்டும், 9,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள்.

எங்கள் தோட்டக்கார அண்ணாச்சிக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. வலது பக்கம் திரும்புகிற மெஷினை நாள் முழுக்க இடது பக்கம் இழுத்துப் பிடித்து அவருக்குத் தோள்பட்டை வலி வந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான்தான் பார்த்தேன். அவருக்காகத்தான் கேட்கிறேன். கியர் பாக்ஸ்தானா, வேறு ஏதாவதா?

பேட்டை பையன்

அண்ணாச்சி, கேபிளைப் பார்த்தீர்களா? எங்கள் மாமா வீட்டு மெஷினில் லீவரிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகிற கேபிள் இளகிப் போய் இழுவையே இல்லாமல் இருந்தது. கைப்பிடிப் பக்கம் ஒரு நட் இருக்கும், அதை இரண்டு சுற்று முறுக்கியதும் சரியாகிவிட்டது. காசு செலவே இல்லை.

அம்பை பட்டறை

தம்பி சொன்ன கேபிள் கோளாறு உண்மையிலேயே வருகிறதுதான். ஆனால் அதில் இரண்டு சக்கரமும் சேர்ந்து இழுக்காமல் போகும். பெல்ட்டும் அப்படித்தான். ஒரே பெல்ட், ஒரே கியர் பாக்ஸ், அதிலிருந்து இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே தண்டு. இடது சக்கரம் நன்றாக இழுக்கிறது என்றால் அதுவரை வந்த சக்தி ஒழுங்காக வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். உங்கள் 850 ரூபாய் தண்டம் என்பதில் எனக்கு வருத்தம். 9,000 ரூபாயை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள்.

முதலில் ஒரு சோதனை. ஸ்பேனரே வேண்டாம். மெஷினை நிறுத்தி, ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக் மேல் மாட்டியிருக்கும் ஒயர்த் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். இதை விட்டுவிட்டு எதையும் செய்ய வேண்டாம். சிமெண்ட் தரையில் நிறுத்தி, இழுவை லீவரைப் பிடித்துக்கொண்டே மெஷினைப் பின்பக்கமாக இழுங்கள். நல்ல மெஷின் என்றால் இரண்டு பின்சக்கரமும் சுற்றாமல் தரையில் தேய்ந்துகொண்டு வரும். இரண்டுமே சுற்றினால் கேபிள், பெல்ட், கியர் பாக்ஸ் என்று பார்க்கலாம். ஒன்று மட்டும் சுற்றினால் கோளாறு அந்தச் சக்கரத்துக்குள்தான்.

ஏன் என்று சொல்கிறேன். தண்டின் நுனியில் சின்னப் பல்சக்கரம் ஒன்று, பினியன், உட்கார்ந்திருக்கும். சக்கரத்தின் உள்வட்டத்தில் உள்ள பற்களை அதுதான் தள்ளுகிறது. பினியன் தண்டோடு நேராக ஒட்டியிருக்காது. நடுவில் தண்டில் வெட்டிய காடியில் ஒரு சின்னக் கீ இருக்கும். அதன் ஒரு ஓரம் செங்குத்து, மறு ஓரம் சாய்வு. தண்டு முன்னால் சுற்றும்போது செங்குத்து ஓரம் பினியனைப் பிடித்துத் தள்ளும். நீங்கள் மெஷினை அதைவிட வேகமாகத் தள்ளினாலோ, திருப்பத்தில் ஒரு சக்கரம் கூடுதலாக ஓடினாலோ சாய்வுப் பக்கம் வழுக்கி விட்டுக்கொடுக்கும். சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் பின்சக்கரம் ஓடுகிறதே, அதே வேலை. இந்தக் கீ காடியிலிருந்து வெளியே எழும்பாமல் ஒட்டிக்கொண்டால் தண்டு மட்டும் சுற்றும், சக்கரம் நிற்கும். ஆற்று வண்டலும் பழைய கிரீஸும் சேர்ந்து காய்ந்தால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் திறக்கவே இல்லை என்று சொன்னீர்களே, என் சந்தேகம் முழுக்க அங்கேதான்.

டக் டக் சத்தம் மட்டும் வேறு கதை. அது பல் பல்லைத் தாண்டிக் குதிக்கிற சத்தம். மழுங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். சோதித்துவிட்டுச் சொல்லுங்கள், கழற்றுவதைப் பிறகு பேசுவோம்.

ஆற்றங்கரை மைதானம்

அண்ணாச்சி, இன்று காலையில் செய்து பார்த்தோம். இடது சக்கரம் அப்படியே பூட்டினாற்போல் தரையில் இழுபட்டது. வலது சக்கரம் சுகமாகச் சுற்றியது. தோட்டக்கார அண்ணாச்சி முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இரண்டு மாதமாக அவர் தான்தான் எதையோ தப்பாக ஓட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கழற்றலாமா? எங்களிடம் ஸ்பேனர் செட்டும் சர்க்கிளிப் பிளையரும் இருக்கின்றன.

அம்பை பட்டறை

கழற்றுங்கள். அவசரமில்லாமல், பகல் வெளிச்சத்தில். மெஷினைக் கவிழ்க்க வேண்டியதில்லை, பின்பக்கம் இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கினால் போதும். எப்போதாவது சாய்க்க வேண்டி வந்தால் ஏர் ஃபில்டர் மேலே பார்க்கும்படி சாயுங்கள், இல்லாவிட்டால் என்ஜின் ஆயில் அந்த ஏர் ஃபில்டருக்குள் இறங்கிவிடும்.

கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். சாக்கு வேண்டாம், சின்னச் சாமான் அதன் இழைக்குள் போய்விடும். சக்கர போல்ட்டைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்தால் உள்ளே பினியன் தெரியும். அதன் முன்னால் ஒரு கிளிப், ஒன்றிரண்டு வாஷர். வாஷர் எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசையில் துணியில் வையுங்கள், முடிந்தால் போனில் ஒரு படம். பினியனை இழுக்கும்போது கையை அடியில் கொடுங்கள், கீ விழும். விழாமல் ஒட்டியிருந்தால் நாம் நினைத்ததுதான். சில கம்பெனி மெஷினில் கீ தனியாக இருக்காது, பூட்டும் அமைப்பு பினியனுக்குள்ளேயே இருக்கும். அப்படியானால் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவுங்கள், பிரிக்க வேண்டாம்.

இப்போது நான் சொல்வதை நிறுத்தி வாசியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். வலது பினியனும் இடது பினியனும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், ஆனால் வேறு வேறு. மாற்றிப் போட்டாலோ, கீயைத் திருப்பிப் போட்டாலோ மெஷின் முன்னால் இழுக்காது. மணிமுத்தாறு பக்கத்திலிருந்து வந்த ஒரு மெஷினில் நான் இரண்டையும் ஒன்றாகக் கழற்றி ஒரே சட்டியில் கழுவினேன். மாட்டிய பிறகு இரண்டு சக்கரமும் இழுக்கவில்லை. அரை நாள் கியர் பாக்ஸைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், கோளாறு என் கையிலிருந்துதான் வந்தது. அன்றிலிருந்து சுண்ணாம்புக் கட்டியால் வ, இ என்று எழுதாமல் ஒரு பினியனையும் தொடுவதில்லை.

மாட்டியதும், சக்கரம் போடுவதற்கு முன் பினியனை விரலால் சுற்றிப் பாருங்கள். வண்டி முன்னால் போகிற திசையில் டிக் டிக் என்று தாராளமாக ஓட வேண்டும். எதிர்த்திசையில் தண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாறி நடந்தால் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள்.

ஆற்றங்கரை மைதானம்

கழற்றினோம். நீங்கள் பார்த்த மாதிரியே சொன்னீர்கள். தூசி மூடிக்குள் ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையக் காய்ந்த வண்டலும் புல்லும். கீ காடிக்குள் பதிந்துபோய் எழும்பவே இல்லை. மண்ணெண்ணெய் விட்டு, அரை மணி நேரம் பொறுத்து, ஊசியால் நெம்பி எடுத்தோம். கீ நல்லபடி இருக்கிறது, ஓரம் கூர்மையாக இருக்கிறது. ஆனால் பினியன் பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து அரிவாள் மூக்கு மாதிரி வளைந்திருக்கின்றன. சக்கரத்தின் உள்பற்கள் பிளாஸ்டிக். அதில் நாலைந்து பற்கள் பாதிதான் இருக்கின்றன.

பினியனை மட்டும் மாற்றினால் போதுமா? லேத்தில் கொடுத்துச் செய்துகொள்ளலாமா? இன்னொன்று, கடையில் பல்லுக்கெல்லாம் நிறைய கிரீஸ் வைக்கச் சொன்னார்கள்.

குற்றாலம் நாற்றங்கால்

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். பல்லுக்கு கிரீஸ் வேண்டாம் அண்ணாச்சி. எங்கள் நாற்றங்காலில் ஆனி, ஆடி சாரல் காலத்தில் ஈரப் புல்தான் தினமும் வெட்டுகிறோம். கிரீஸ் வைத்த வருடம் புல் துணுக்கும் மணலும் அதில் அப்பிக்கொண்டு அரம் மாதிரி பல்லைத் தின்றுவிட்டது. இப்போது பல்லை உலர்ந்தபடியே விடுகிறோம். கீ இருக்கிற காடியில் மட்டும் இரண்டு சொட்டு மெல்லிய ஆயில்.

பைப்பை அழுத்திப் பிடித்துத் தண்ணீர் அடித்துக் கழுவுகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். தண்ணீர் மூடிக்குள் புல்லைத் தள்ளி, கியர் பாக்ஸ் சீலுக்குள்ளும் போகும். வாரியல் ஈர்க்குச்சியை நாலைந்து சேர்த்துக் கட்டி, அன்றன்றைக்கே தட்டிவிட்டால் போதும். எங்கள் வேலைக்கார அக்காமார் அதைத்தான் செய்கிறார்கள், மூன்று வருடமாகப் பினியன் மாற்றவில்லை.

அம்பை பட்டறை

அக்கா சொன்னது அத்தனையும் சரி.

பினியன் மட்டும் போதாது. அரிவாள் மூக்காகிப்போன பினியன் புதுச் சக்கரத்தைத் தின்னும், பல் போன சக்கரம் புதுப் பினியனைத் தின்னும். அந்தப் பக்கத்துச் சக்கரத்தையும் பினியனையும் ஜோடியாக மாற்றுங்கள். இடது பக்கமும் இதே வெள்ளத்தில் கிடந்ததுதான், அதையும் திறந்து சுத்தம் செய்யுங்கள். பல் நன்றாக இருந்தால் அப்படியே விடலாம். லேத் வேண்டாம். பல் வெட்டுகிற பட்டறைகள் நம் ஊரில் உண்டு, ஆனால் கீ உட்காருகிற உள்பள்ளம் ஒரு மயிரிழை தவறினாலும் பிடிக்காது. மாடல் நம்பரைச் சொல்லி அசல் சாமானையே வரவழையுங்கள்.

சக்கரத்தை மாட்டுவதற்கு முன் இரண்டு விஷயம். சக்கரம் உட்காருகிற அச்சை, அதாவது உயரம் ஏற்றி இறக்குகிற கையோடு சேர்ந்ததை, பிடித்து ஆட்டிப் பாருங்கள். அச்சைத் தாங்குகிற வளையம், அதாவது புஷ், தேய்ந்து ஆடினால் சக்கரம் சாய்ந்து நிற்கும், பல் பாதி அகலத்தில்தான் கடிக்கும், புதுச் சாமானும் சீக்கிரம் போகும். அடுத்தது கியர் பாக்ஸ். லீவரைப் பிடிக்காமல் தண்டைக் கையால் சுற்றுங்கள். வழவழவென்று சுற்றினால் பயமில்லை. கரகரவென்றால், அல்லது சீல் ஓரம் பால் கலந்த மாதிரி வெள்ளையாக கிரீஸ் கசிந்திருந்தால், உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அப்போது பிரித்துக் கழுவிப் புது கிரீஸ் போட வேண்டும். அதற்கும் மாற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

அந்தப் புது பெல்ட்டின் அகலத்தையும் அளந்து சொல்லுங்கள். ரைஸ் மில், மாவு மில் பெல்ட் ‘ஏ’ ரகம் 13 மில்லிமீட்டர் இருக்கும். இந்த மெஷின்களில் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் போலத்தான் வரும். தடித்தது புல்லியில் மேலே உட்கார்ந்து லீவரை விட்ட பிறகும் இழுக்கும். வயதானவர் பிடிக்கிற மெஷின் விட்டவுடன் நிற்க வேண்டும்.

ஆற்றங்கரை மைதானம்

பத்து நாள் கழித்து வருகிறேன். சாமான் கூரியரில் வந்தது. சக்கரமும் பினியனும் சேர்த்து 1,900 ரூபாய். இடது பக்கம் பல் சேதமில்லை, வண்டல் மட்டும். அச்சு ஆடவில்லை. தண்டு வழவழப்பாகச் சுற்றுகிறது, சீல் ஓரம் சுத்தம். பெல்ட் அளந்தேன், 10 மில்லிமீட்டர்தான். ஆனால் லீவரை விட்ட பிறகும் அரை அடி இழுத்தது. தம்பி சொன்ன அந்த நட்டை ஒரு சுற்று இளக்கினேன், விட்டவுடன் நிற்கிறது. தம்பிக்கும் நன்றி.

சனிக்கிழமை காலை தோட்டக்கார அண்ணாச்சி கோல் போஸ்ட்டிலிருந்து கோல் போஸ்ட் வரைக்கும் நூல் பிடித்த மாதிரி நேராக ஓட்டினார். திரும்பி வந்து, ஒரு கையால் பிடித்தாலே போகுது சார் என்றார். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். வரப்பு ஓரம் போய் லீவரை விட்டுப் பின்னால் இழுத்தால் சில நேரம் சக்கரம் பிடித்துக்கொள்கிறது. மறுபடி ஏதாவது தப்பா?

அம்பை பட்டறை

தப்பில்லை. லீவரை விட்டாலும் கீ பினியனைக் கவ்வியபடியே நிற்கும். பின்னால் இழுப்பதற்கு முன் ஒரு சாண் முன்னால் தள்ளச் சொல்லுங்கள், கீ இறங்கிவிடும். பிடித்துக்கொண்டிருக்கும்போது பலமாக இழுத்தால் பல்தான் போகும். அண்ணாச்சி தோள்பட்டை இப்போது எப்படி இருக்கிறது?

ஆற்றங்கரை மைதானம்

தள்ளிவிட்டு இழுத்தால் சரியாக வருகிறது. தோள்பட்டைக்கு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் காட்டினோம், இரண்டு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்றிருக்கிறார்கள். அதுவரை நான் ஓட்டுகிறேன்.