புதுப்பிப்பு: பெர்த்தியே கார்பைனில் ஏன் மூன்றே தோட்டா?

பிரெஞ்சுக் குதிரைப்படை 1890-இல் ஏற்ற பெர்த்தியே கார்பைனைப் (குட்டைத் துப்பாக்கி) பற்றிப் போன இழையில் எழுதியிருந்தேன். அப்போதைய பிரெஞ்சுக் காலாட்படையின் லெபெல் துப்பாக்கியில் எட்டுத் தோட்டா நிற்கும்போது இதில் ஏன் மூன்றுதான் என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

லெபெலில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு நீளக் குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். துப்பாக்கியைக் குட்டையாக்கினால் குழாயும் குட்டையாகும், தோட்டாவும் குறையும். அதைவிடப் பெரிய தொல்லை, ஒவ்வொன்றாகத் தள்ளி நிரப்ப வேண்டும். ஓடும் குதிரைமேல் உட்கார்ந்து அதைச் செய்வது நடக்கிற காரியமா?

இதை வடிவமைத்த பெர்த்தியே இராணுவ அதிகாரி அல்ல, அல்ஜீரியாவில் ரயில்வே ஊழியர். ஆஸ்திரியரான மான்லிக்கரின் துப்பாக்கிகளின் பாணியில், ஒரு தகரக் கிளிப்பில் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் சட்டம்) மூன்று தோட்டாக்களைச் செருகி, கிளிப்போடு மேலிருந்து உள்ளே அழுத்தும்படி செய்தார். கடைசித் தோட்டா சுடும் அறைக்குள் போனதும் வெறும் கிளிப் அடியில் உள்ள துளை வழியாகத் தானே கீழே விழுந்துவிடும். கிளிப் தீர்ந்துபோனால் மட்டும் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட வேண்டியதுதான்.

சரி, ஏன் மூன்று? லெபெலின் 8 மி.மீ. தோட்டா அடியில் பருத்து, விளிம்போடு இருக்கும். மூன்றுக்கு மேல் அடுக்கினால் தோட்டாப் பெட்டி மரக்கட்டைக்கு வெளியே துருத்தும். 1916-இல் ஐந்து தோட்டா வைத்தபோது அப்படித்தான் துருத்தியது. அப்புறம், பதுங்குகுழிச் சேறு ஏறாமலிருக்க கிளிப் விழும் அந்தத் துளைக்கு ஒரு மூடியும் போட்டார்கள்.

என்னைக் கேட்டால், அதற்கு முன் ஒற்றைத் தோட்டா கிரா கார்பைனைச் சுமந்த குதிரைவீரனுக்கு மூன்றே பெரிய வரவு.