முதல் 5 கி.மீ. நன்கொடை ஓட்டம்: இப்பவே பதிவு பண்ணலாமா?

கேள்வி:
வயது 41, கோவை. தினமும் அரை மணி நேரம் நடப்பேன், ஓடிப் பழக்கமே இல்லை. தனியா ஆரம்பிச்சா ரெண்டாவது வாரமே நின்னுடுது. டிசம்பர்ல கோயம்புத்தூர் மாரத்தான்ல 5 கி.மீ.க்குப் பேர் கொடுத்தா, அந்தத் தேதிக்காகவாவது ஓடுவேனா? புற்றுநோய் அறக்கட்டளைக்குப் போற காசுங்கறதால மனசும் ஒட்டுது. எங்கே ஆரம்பிக்கறது?

பதில் 1:
தாராளமா கொடுங்க. ஆனா ஓட்டத்துக்கு 9, 10 வாரம் இருக்கும்போது கொடுங்க. ஆறு மாசம் முன்னாடி கொடுத்தா "நாளைக்குப் பாத்துக்கலாம்"னு தள்ளிப்போகும். மூணு வாரம்தான் இருக்குன்னா அவசரத்துல கால் போயிடும்.

வாரத்துக்கு மூணு நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். முதல்ல 5 நிமிஷம் வேக நடை. அப்புறம் 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை, இப்படி 8 தடவை. மூணாவது வாரத்துலேர்ந்து 2 ஓட்டம், 2 நடை, 6 தடவை. அஞ்சாவது வாரம் 4 ஓட்டம், 2 நடை, 5 தடவை. ஏழு, எட்டுல 8 ஓட்டம், 2 நடை, 3 தடவை. ஒரு வாரம் கஷ்டமா இருந்தா அதையே திருப்பிப் பண்ணுங்க, தாண்டாதீங்க. கடைசி வாரம் பாதியாக் குறைச்சு ரெண்டே நாள்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல்: ஓடிக்கிட்டே ஒரு முழு வாக்கியம் பேச வரணும். வரலைன்னா வேகம் ஜாஸ்தி. முதல் மாசம் விட்டுட்டுப் போறவங்கள்ல பலர் இங்கேதான் தப்பு பண்றாங்க. மூச்சு சீக்கிரம் பழகிடும். எலும்பும் தசைநாரும் பழக மாசக்கணக்காகும். "நல்லாத்தானே இருக்கு"ன்னு கூட்டினா முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள்விளிம்புல வலி வரும். விளிம்பு நெடுக வலிச்சா ஒரு வாரம் ஓட்டத்தை விட்டு நடங்க. விரலால அமுக்கினா ஒரே புள்ளியில சுரீர்னு வலிக்குதா? ஓடவே கூடாது, எலும்பு மருத்துவரைப் பாருங்க.

பதில் 2:
40 தாண்டியாச்சு. சர்க்கரை, ரத்த அழுத்தம், படியேறும்போது நெஞ்சில் இறுக்கம், இதுல எது இருந்தாலும் மருத்துவரைப் பார்த்துட்டுத் தொடங்குங்க.

ஷூவை சாயங்காலம் போய் வாங்குங்க, அப்போ பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். நின்னு பார்த்தா பெருவிரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும், இல்லைன்னா நகம் கறுத்துப்போகும். அக்டோபர், நவம்பர் மழையில நனைஞ்சா உள்ள இருக்கற அட்டையை உருவிட்டு செய்தித்தாளைத் திணிச்சு வைங்க. வெயில்ல காயப்போட்டா பசை விட்டுடும்.

ரேஸ் கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று கிட்டத்தட்ட 2.5 கி.மீ. ரெண்டு சுற்று போனா உங்க தூரம்.

பதில் 3:
பணம் பத்தியும் சொல்லணும். பதிவுக் கட்டணம் வேற, நன்கொடை வேற. டி-ஷர்ட், மெடலுக்கெல்லாம் சேர்த்துதான் கட்டணம். அதுக்கு, நன்கொடைக்குக் கிடைக்கற வருமான வரிக் கழிவை எதிர்பார்க்காதீங்க. தெரிஞ்சவங்ககிட்டத் திரட்டினா அறக்கட்டளைக்கே நேரா அனுப்பச் சொல்லுங்க, உங்க கணக்குல வாங்க வேண்டாம். ரசீது, நன்கொடை கொடுக்கறவர் பேர்ல, அவர் பான் எண்ணோட வரணும். 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் கொடுத்தா கழிவே கிடையாது.

வாட்ஸ்அப் குழுவுல பொதுவாப் போடற செய்தியை யாரும் கண்டுக்க மாட்டாங்க. தனித்தனியாக் கேளுங்க, தொகையையும் சொல்லிக் கேளுங்க. ஆனா மூணு வாரம் விடாம ஓடின பிறகு கேளுங்க. பணம் வாங்கிட்டோமேன்னு வலியோட ஓடறவங்க உண்டு, அது வேண்டாம். வலிச்சா நடந்தே முடிங்க. காசு போக வேண்டிய இடத்துக்குப் போயிடுச்சு.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. அன்னிக்கு அவங்க கொடுக்கற டி-ஷர்ட்டையே போட்டுக்கலாமா?

பதில் 2:
ஒருநாளாவது அதுல ஓடிப் பார்த்திருந்தா மட்டும். இல்லைன்னா பழைய சட்டையிலேயே எண் அட்டையை நாலு மூலையிலும் ஊக்கு குத்துங்க. பின்னாடி சிப் ஒட்டியிருந்தா மடிக்காதீங்க, நேரம் பதிவாகாமப் போகலாம். அக்குள்லயும் தொடை இடுக்குலயும் வாசலின். ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு வாழைப்பழம் போதும். முதல் கிலோமீட்டர்ல கூட்டம் இழுக்கும், நீங்க பின்வரிசையிலேர்ந்தே கிளம்புங்க.