வல்லம் மேட்டில் ஓடுதளம் வைக்கலாமா?

செம்பாறை: தஞ்சாவூர் பக்கம் புதுசா ஒரு விமான நிலையம் வந்தா வயலை எடுக்காதீங்க, வல்லம் செம்மண் மேட்டுல வைங்க. நெல் விளையற வண்டல் போனா திரும்பாது. மேட்டுல மழைத்தண்ணி தானா வடியும், அடித்தரை கெட்டி.

கடைமடை: அண்ணே, மேட்டு ஓடுதளத்தைத் தாண்டி ஓடி விழுந்த விமானங்களை மறந்துட்டீங்களா? மங்களூர் 2010 மே 22, செத்தது 158 பேர். கோழிக்கோடு 2020 ஆகஸ்ட் 7, 21 பேர். ரெண்டும் குன்றைச் சீவிப் போட்ட ஓடுதளம், முனை தாண்டினா பள்ளம். நம்ம வயல்ல ஓடியிருந்தா சேத்துல சொருகி நின்னிருக்கும்.

மதகடி: பாதிதான் சரி. மங்களூர்ல 2,450 மீட்டர் ஓடுதளம். சக்கரம் தரை தொட்டது ஏறக்குறைய 1,580 மீட்டர் தாண்டி. கோழிக்கோட்டுல 2,700க்கு 1,350 தாண்டி, அதுவும் மழையில, பின்காத்தோட. வழக்கமா 300, 400 மீட்டர்ல தொடணும். தப்பு நடந்தது ஓடுதளத்துல. பள்ளம் பண்ணினது, அந்தத் தப்பை சாவா மாத்தினது. 2018 அக்டோபர்ல திருச்சியில கிளம்பின விமானம் சுத்துச்சுவரையே இடிச்சுட்டுப் போச்சே, அங்கே ஏது குன்று?

செம்பாறை: உயரத்துக்குக் கணக்கு இருக்கு. அடிப்படை நீளத்துல, அதாவது கடல்மட்டத்துச் சமதளத்துல வேண்டிய ஓடுதள நீளத்துல, ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 7% கூட்டணும். அந்த உயரத்துல இருக்கவேண்டிய வெப்பத்தைவிட ஒவ்வொரு டிகிரி கூடினதுக்கும் 1%. சரிவு 1% இருந்தா 10%. 900 மீட்டர் மலையில 2,100 வேணும்னா உயரத்துக்கு மட்டும் 2,541 ஆயிடும். வல்லத்துல உயரத்துக்கு 2% கூட வராது. ஆனா 37 டிகிரி வச்சா வெயிலுக்கே 22%! அந்த வெயில் உங்க வயல்லயும்தான் அடிக்குது.

கடைமடை: சரி, மண்ணுக்கு வாங்க. மேட்டைச் சீவி ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் கொட்டினா, வெட்டின தரை அசையாது, கொட்டினது அமுங்கும். சேர்ற இடத்துல விரிசல்.

மதகடி: அதுக்குத்தான் பழைய சரிவைப் படிப்படியா வெட்டி, 20, 25 சென்டிமீட்டர் அடுக்கா, சரியான ஈரத்துல ரோலர் போட்டு ஏத்தறது. அடுக்குக்கு அடுக்கு இறுக்கத்தைச் சோதிக்கணும். ஓரச் சரிவுல புல்லும் கான்கிரீட் வடிகாலும் இல்லேன்னா ஐப்பசி மழை ஓடை போட்டுடும். வயல் மட்டும் சுலபமா? கருங்களி மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். மேல்மண்ணைத் தோண்டி, சுண்ணாம்பு கலந்து, உள்ளிருக்கற தண்ணி வெளியேற ஆழத்துக்கு வடிபட்டை செருகி, மேலே பாரம் ஏத்தி மாசக்கணக்கா அமுங்க விடணும். வெள்ளத்துக்கு மேலே ஒன்றரை மீட்டர் உயர்த்தணும்னு வையுங்க. ஓடுதளமும் அதைச் சுத்தின பட்டையும் சேர்ந்து 2,620 மீட்டர் நீளம், 280 மீட்டர் அகலம்னா, 11 லட்சம் கன மீட்டர் மண். 4 யூனிட் டிப்பர்ல இறுகின அளவுக்கே 97,000 லோடு, ரோலர்ல அமுங்கறதுக்கு ஈடாக் கூடுதலாக் கொட்டறது தனி. அந்த கிராவல் எங்கேருந்து வரும்? வல்லம் மேட்டை வெட்டித்தானே!

கடைமடை: 😀 சரி, அதுல சிக்கிட்டேன்.

செம்பாறை: கொக்கை மறந்துட்டீங்க. டிராக்டர் சேறடிக்கும்போது பின்னாலேயே நூறு நிக்கும். ஓடுதளத்தைச் சுத்தி நாலு பக்கமும் அப்படியே இருந்தா என்ஜின் என்னாகும்?

மதகடி: அதனால மேடு ஜெயிச்சுதுன்னு இல்லை செம்பாறை. ஓடுதளம் முடிஞ்சு 60 மீட்டர் பட்டை, அதுக்கப்புறம் 240 மீட்டர் பாதுகாப்புப் பரப்பு. 90 போதும்னு விதி விட்டுக்கொடுக்கும், மங்களூர்ல 90தான் இருந்தது. 240க்கு இடமில்லேன்னா நொறுங்கற கான்கிரீட் கட்டிகள் பதிக்கலாம். சக்கரம் புதையும், 70 நாட் (மணிக்கு சுமார் 130 கி.மீ.) வேகம் வரைக்கும் பிடிச்சு நிறுத்தும். ஒருதரம் நொறுங்கினதை மாத்தியாகணும்.

கடைமடை: வல்லத்துல மேட்டைவிட எனக்குப் பயம் பழைய கிராவல் குழிதான். முனையிலேருந்து 300 மீட்டருக்குள்ள ஒண்ணு இருந்தாலும் அது கோழிக்கோட்டுப் பள்ளம் மாதிரிதான். மூடினாலும் கொட்டின மண்ணு, அமுங்கும். இடம் சொல்றவங்க முதல்ல குழி எங்கெங்கே இருக்குன்னு குறிச்சுப் போடுங்க, அப்புறம் பேசுவோம்.