3 கிலோவாட் சோலார், உச்சிவெயிலில் 2.3தான் காட்டுது. பேனல் பழுதா?

மாடிவெயில்:
மதுரையில் வீட்டு மொட்டைமாடியில் ஆன்-கிரிட் சோலார் (பேட்டரி இல்லாம, கரண்ட் லைனோட சேர்ந்து ஓடுறது). 540 வாட் ஹாஃப்-கட் பேனல் (மேல்பாதியும் கீழ்ப்பாதியும் தனித்தனியா வேலை செய்யுறது) 6, ஒரே ஸ்ட்ரிங் (ஆறும் தொடராக் கோத்தது), நெடுக்குவாட்டில் நிறுத்தியது. சித்திரை மாசம், மேகமே இல்லை, மதியம் 12 மணிக்கு 2.3 கிலோவாட்தான் வருது. 3.24 வரணும்தானே? இன்னொண்ணு: கரண்ட் போனா சோலாரும் நின்னுடுது. வெயில் கொளுத்தும்போது ஏன் நிக்குது?

கம்பிக்காரர்:
540 வாட் என்பது சோதனைக்கூடத்துக் கணக்குங்க. செல் (பேனலுக்குள்ள மின்சாரம் தர்ற சிலிக்கான் சில்லு) 25 டிகிரியில் இருக்கணும், சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம் விழணும். நம்ம மொட்டைமாடியில் செல் சூடு 60 டிகிரியைத் தாண்டும். சிலிக்கானுக்கு வெளிச்சம்தான் வேணும், சூடு ஒத்துக்காது. 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும். 35 டிகிரி கூடினாலே 12 சதவீதம் போயிடும், 2.85 மிஞ்சும். கம்பியிலும், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமா மாத்துற இன்வெர்ட்டரிலும் ஒரு 5 சதவீதம். ஆக 2.7 வந்தா பேனல் நல்லாத்தான் இருக்கு. பாக்கி 400 வாட் எங்கே போகுதுன்னுதான் பார்க்கணும். சாய்வு எத்தனை டிகிரி? கீழ் விளிம்பில் அழுக்குக் கோடு இருக்கா?

மாடிவெயில்:
சாய்வு 5 டிகிரி. ஆமாங்க, ஆறு பேனலிலும் கீழ்ச் சட்டத்தை ஒட்டி ரெண்டு விரல் அகலத்துக்குச் சேறு காய்ஞ்சு கிடக்கு.

கம்பிக்காரர்:
அதேதான். சாய்வு கம்மியா இருந்தா மழைத்தண்ணி சட்டத்தோரம் தேங்கி, தூசி அங்கேயே படியும். பார்க்கச் சின்னக் கோடு. ஆனா செல்லெல்லாம் தொடராக் கோத்திருக்கு, ஒரு செல் எவ்வளவு மின்னோட்டம் விடுதோ அவ்வளவுதான் மத்ததும் விடும். கடைசி வரிசைச் செல்லில் மூணில் ஒரு பங்கு மறைஞ்சா, பேனலின் கீழ்ப்பாதி முழுக்க அந்த அளவுக்குப் படுத்துடும். மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கு போகலாம். உங்க 400 வாட் கணக்கு கிட்டத்தட்ட அதுதான்.

விடியற்காலையில் கழுவுங்க. கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணி ஊத்தினா விரிசல் விட வாய்ப்பிருக்கு. முதல்ல ஊற விட்டு, மெத்துன்னு இருக்கிற மாப்பால் தள்ளுங்க, சுரண்ட வேண்டாம். போர் தண்ணி உப்பா இருந்தா கடைசியா நல்ல தண்ணி விட்டு வழிச்சு எடுத்துடுங்க, இல்லேன்னா வெள்ளைத் திட்டு பூக்கும். பேனல் மேல காலே வைக்காதீங்க. கண்ணாடி தாங்கும், உள்ளே செல் கண்ணுக்குத் தெரியாம கீறும். வசதிப்பட்டா சாய்வைத் தெற்கு பார்த்து 10 டிகிரிக்கு உயர்த்துங்க.

பேட்டரிப்பிரியன்:
கரண்ட் போனா நிக்கிறது பழுதில்லை, அப்படி நின்னே ஆகணும். லைனை அணைச்சுட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கிறவருக்கு உங்க வீட்டு மின்சாரம் பாயக் கூடாது. மின்தடையிலும் வேணும்னா, பேட்டரியோடவும் ஓடுற ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வேணும். 5 யூனிட் பேட்டரி ரெண்டு மூணு ஃபேன், லைட், ஃப்ரிட்ஜுக்கு ராத்திரி பூரா தாங்கும். ஒன்றரை டன் ஏசியை அதில் ஓட்டினா மூணு, நாலு மணி நேரத்தில் காலி. அதனால ஏசி, கீசர், மோட்டாரைத் தனி லைனில் விட்டுட்டு, மத்ததை மட்டும் பேக்கப் பக்கம் மாத்தச் சொல்லுங்க.