இரண்டு ஸ்பீக்கர் போட்டால் ஆம்ப் கொதிக்கிறது: காப்பர் சிங்க் வாங்கலாமா, ஃபேன் போடலாமா?

கரூர்_சவுண்ட்:
வணக்கம் அண்ணே. 5200-1943 டிரான்சிஸ்டர் ஒரு ஜோடி போட்ட மோனோ ஆம்ப் போர்டைப் பெட்டிக்குள் கட்டியிருக்கிறேன். சப்ளை ±35 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று என்றால் ராத்திரி முழுக்கப் பாடினாலும் கவலையில்லை. இரண்டைப் பேரலலில் கொடுத்தால் கொஞ்ச நேரத்திலேயே ஹீட் சிங்க்கில் கை வைக்க முடியவில்லை. சித்திரைத் திருவிழாவில் தகரக் கொட்டகைக்குள் வைக்க வேண்டும், அதுதான் பயம். சிங்க் பழைய யுபிஎஸ்ஸில் கழற்றியது. ஃபின்களுக்கு (சிங்க்கின் தகடுகளுக்கு) நடுவே 2 மில்லிமீட்டர்தான் இருக்கும், பெட்டிக்குள் படுக்கைவாட்டில் கிடக்கிறது. காப்பர் சிங்க் வாங்கினால் சரியாகுமா?

மதுரை_ஆம்ப்_பெஞ்ச்:
தம்பி, காப்பருக்குக் காசு போடாதீங்க. அலுமினியத்தைவிட அது இரண்டு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், உண்மைதான். ஆனால் உங்கள் பெட்டியில் வெப்பம் மாட்டிக்கொண்டிருப்பது உலோகத்தில் இல்லை, ஃபின்னிலிருந்து காற்றுக்கு இறங்கும் இடத்தில். அங்கே எந்த உலோகமாக இருந்தாலும் ஒன்றுதான்.

முதலில் கணக்கு. உங்களுடையது போன்ற ஏபி கிளாஸ் ஆம்ப்பில் டிரான்சிஸ்டர்களின் உச்ச வெப்பம் தெரிய, சப்ளை வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, அதை இரண்டு மடங்காக்கி, பை ஸ்கொயராலும் லோடு ஓமாலும் வகுக்கணும். 35 வோல்ட், 8 ஓம் என்றால் 31 வாட். இரண்டு ஸ்பீக்கர் பேரலலில் 4 ஓம் ஆகிவிடும், அப்போது 62 வாட். அந்த உச்சம் வால்யூம் முழுக்க வைக்கும்போது வராது, பவர் 40 சதவீதத்தில் ஓடும்போதுதான் வரும். திருவிழாவில் பாட்டு அந்தப் பக்கத்திலும் ஓடலாம்.

62 வாட்டில் ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் 31. 5200-இன் உள்ளிருந்து அதன் முதுகுவரை வாட்டுக்கு 0.83 டிகிரி, ஆக 26 டிகிரி. டிரான்சிஸ்டருக்கும் சிங்க்குக்கும் நடுவே ஷார்ட் ஆகாமல் வைக்கும் மைக்காத் தகடும், அதில் தடவும் பேஸ்ட்டும் சேர்ந்து ஒரு 15 என்று வையுங்கள். டேட்டாஷீட் 150 வரை விட்டாலும் நான் 125-க்கு மேல் விடமாட்டேன். அப்படியென்றால் சிங்க் 84 டிகிரிக்குள் நிற்கணும். கொட்டகைக் காற்று 45 என்றால் வாட்டுக்கு 0.6 டிகிரி சிங்க் வேண்டும். ஃபேன் இல்லாமல் அதை எட்ட நல்ல பெரிய சிங்க் தேவை. கை வைத்துப் பார்ப்பதை நம்பாதீங்க, 60 டிகிரியிலேயே கை தாங்காது.

இப்போது உங்கள் சிங்க்குக்கு வருவோம். யுபிஎஸ் சிங்க் பெரும்பாலும் ஃபேன் காற்றுக்காகச் செய்தது, அதனால்தான் அவ்வளவு நெருக்கம். ஃபேன் இல்லாத இடத்தில் 2 மில்லிமீட்டர் சந்துக்குள் காற்று ஏறாது. இரண்டு பக்கச் சுவரையும் ஒட்டிய சூடான காற்று நடுவில் ஒன்றாகி அடைத்துக்கொள்ளும். தானாக ஏறும் காற்றுக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளியும், ஃபின் நெட்டுக்குத்தாக நிற்பதும் அவசியம். உங்களுடையது படுத்துக் கிடக்கிறது, அதுவும் மூடிய பெட்டிக்குள்.

ஆகவே ஃபேன் போடுங்கள். 12 வோல்ட், 80 மில்லிமீட்டர் போதும். காற்று ஃபின் சந்துகளின் வழியாக நீளவாட்டில் போகணும். சிங்க்கின் மேல்பக்கத்தைத் தகடு போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் காற்று சந்தை விட்டு மேலே நழுவிப் போய்விடும். ஒரு பக்கம் உள்ளே வர ஓட்டை, எதிர்ப்பக்கம் வெளியேற ஓட்டை. கோயில் மைதானத்துப் புழுதி அந்தச் சந்தில் சீக்கிரம் அடையும், ஒவ்வொரு விசேஷத்துக்கும் பிறகு பிரஷ் போடுங்கள்.

திருச்சி_ரேடியோ:
பேஸ்ட்டை நிறைய அப்பினால் சூடு குறையாதா?

மதுரை_ஆம்ப்_பெஞ்ச்:
கூடத்தான் செய்யும். பேஸ்ட், உலோகத்துக்கு நடுவே இருக்கும் காற்றை விரட்டத்தான். மைக்காவின் இரண்டு பக்கமும் பளபளப்பு தெரியும் அளவுக்கு மெல்லிசாகத் தடவுங்கள். இறுக்கிவிட்டு ஒரு தடவை கழற்றிப் பாருங்கள், அடிப்பக்கம் முழுக்கச் சமமாகப் படிந்திருக்கணும். ஒரு மூலை சுத்தமாக இருந்தால் துளையைச் சுற்றி உலோகப் பிசிர் நிற்கிறது. பெரிய டிரில் பிட்டைக் கையால் சுழற்றி அதை எடுத்துவிடுங்கள். அப்புறம் மறக்காமல் மல்டிமீட்டரில் கலெக்டருக்கும் சிங்க்குக்கும் ஷார்ட் இல்லை என்று பார்த்துவிட்டு சப்ளை கொடுங்கள்.

கரூர்_சவுண்ட்:
ரொம்ப நன்றி அண்ணே. ஃபேனுக்கு 35 வோல்ட் லைனிலிருந்தே 7812 (12 வோல்ட் ரெகுலேட்டர்) போட்டு எடுத்துக்கவா?

மதுரை_ஆம்ப்_பெஞ்ச்:
வேண்டாம் தம்பி. 7812-க்கு உள்ளே கொடுக்கக்கூடிய உச்சமே 35 வோல்ட். லோடு இல்லாதபோது உங்கள் சப்ளை அதையும் தாண்டும். தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் அடாப்டர் போர்டு வைத்துக்கொள்ளுங்கள். 85 டிகிரியில் திறக்கும் கேஎஸ்டி301 சுவிட்ச் ஒன்றை சிங்க்கில் திருகி, ஸ்பீக்கர் புரொடெக்ஷன் ரிலேயின் காயில் லைனில் சீரியலாகக் கொடுங்கள். ஃபேன் நின்றாலும் லோடு விலகி ஆம்ப் பிழைக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். பயாஸை, அதாவது பாட்டு இல்லாதபோதும் பெரிய டிரான்சிஸ்டர்களில் ஓடும் சின்னக் கரண்டை, கவனிக்கும் சின்ன டிரான்சிஸ்டர் சிங்க்கைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, போர்டிலேயே நிற்கிறதா? ஒரு டிகிரி ஏறினால் பேஸ்-எமிட்டர் வோல்ட் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். அந்தச் சின்னவனுக்குச் சூடு தெரியாவிட்டால் பயாஸ் கரண்ட் ஏறிக்கொண்டே போகும், எந்த சிங்க்கும் தாங்காது. போர்டு போட்டோ ஒன்று போடுங்கள்.