தனியா லடாக்ல மலை ஏறலாமா? பர்வதமலை ஏறின பழக்கம் போதுமா?

கேள்வி (குடியாத்தம்):
வணக்கம். பௌர்ணமிக்கு பௌர்ணமி பர்வதமலை ஏறுறவன் நானு, கடப்பாறை படி, சங்கிலி எல்லாம் பெருசா மூச்சு வாங்காம ஏறிடுவன். செப்டம்பர்ல லடாக் போயி 5,000 மீட்டர் கிட்ட ஒரு பாஸ் (மலைக் கணவாய்) ஏறணும்னு ரொம்ப ஆசை, கூட வர்றன்னு சொன்னவங்களுக்கு லீவு கிடைக்கல. லே வரைக்கும் ஃபிளைட்டு, அப்பறம் தனியா. இன்னா இன்னா ரெடி பண்ணணும்?

பதில் (கம்மவான்பேட்டை, எக்ஸ் ஆர்மி):
தம்பி, பர்வதமலை உச்சியே நாலாயிரத்து ஐநூறு அடி சொச்சம்தான். நீ ஃபிளைட் விட்டு இறங்கற லே டவுனு 11,500 அடி, அதாவது 3,500 மீட்டர். ஆர்மில எங்களையே ஆறு நாள் வெச்சி பழக்கிட்டுதான் அதுக்கு மேல அனுப்புவாங்க, அதுல முதல் ரெண்டு நாள் சுத்தமா ரெஸ்ட்டு. கால்ல பலம் இருக்குன்னு வேகமா ஏறினவனதான் தலையப் புடிச்சிகினு உக்காந்து பாத்திருக்கன். 3,000 மீட்டர் தாண்டிட்டா ராத்திரி படுக்கற எடத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாத, மூணு நாலு நாளைக்கு ஒருக்கா ஒரே எடத்துல தங்கு. தலைவலி, குமட்டல் வந்தா மேல போவாத, குறையலன்னா இறங்கிடு.

பதில் (ராணிப்பேட்டை, நர்ஸ்):
அண்ணா சொன்னதோட ஒன்னு சேத்துக்கோங்க தம்பி. உயரம் ஒத்துக்காம மூளையில நீர் கோத்துகிச்சின்னா முதல்ல கெடறது புத்திதான், "நான் நல்லாதான் இருக்கன், இன்னும் கொஞ்ச தூரம்தான்"னு அவங்களே சொல்லுவாங்க. கூட ஒருத்தர் இருந்தா குதிகாலும் விரலும் ஒட்டுற மாதிரி நேர்க்கோட்டுல நடக்கச் சொல்லி பாப்பாங்க, தள்ளாடினா ராத்திரி பகல்னு பாக்காம இறக்கிடணும். சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும் அப்படித்தான். தனியா போனா இத யாரு பாப்பாங்க? எனக்கு பயமே இதுதான். உயரத்துல வர்ற தலைவலி, குமட்டலத் தடுக்கற டயமாக்ஸ் மாத்திரை டாக்டர் கிட்ட கேட்டுட்டு போடுங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா கண்டிப்பா முன்னாடியே சொல்லிடுங்க.

பதில் (போளூர்):
ப்ரோ, நம்ம ஊரு ப்ரீபெய்டு சிம்மு அங்க வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு எடுங்க, அதுவும் மலைக்குள்ள போயிட்டா டவர் இருக்காது. அதுக்காக சாட்டிலைட் போன் வாங்கிகினு போயிடாதீங்க, லைசன்ஸ் இல்லாம வெச்சிருந்தா கேஸு. ஒரு விசில் போதும், நிமிஷத்துக்கு ஆறு தடவ ஊதி ஒரு நிமிஷம் விட்டு திரும்ப ஊதுனா உதவின்னு அர்த்தம். எத்தினி மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பணும்னு கீழ இருக்கும்போதே முடிவு பண்ணி வீட்ல எழுதி குடுத்துட்டு போங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா, ப்ரோ. தனியா போற எண்ணத்த விட்டுட்டன், லேல ஒரு லோக்கல் கைடு பேசிக்கிறன். டிக்கெட்டும் நாலு நாள் முன்னாடிக்கு மாத்திடறன்.